மலையெல்லையில் தெருவும் உணவும்

ஓர் ஊரை அறிய விரும்புகிறவர் முதலில் அதன் கோட்டையையும் கோவிலையும் நாடிச் செல்வது வழக்கம். அவை ஊரின் பெருமையை உரைக்கும். ஆனால் ஊர் எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிய வேண்டுமாயின் அதன் தெருக்களில் நடக்க வேண்டும். பசித்த வேளையில் அவ்வூரார் எங்கே உண்கிறார்களோ அங்கே நாமும் இலை போட்டு அமர வேண்டும். ஜப்பான் நாட்டின் ஒசாகா நகருக்கு 'நாட்டின் சமையலறை' என்றொரு பழம்பெயர் உண்டு. முன்னாளில் பல பகுதிகளின் அரிசியும் பிற பண்டங்களும் அந்நகரின் பண்டகசாலைகளில் வந்து குவிந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. பண்டம் கூடும் இடத்தில் மக்கள் கூடுவர். மக்கள் கூடும் இடத்தில் அடுப்பு மூளும். இது உலகெங்கும் காணும் பொதுவிதி.

அத்தகைய இடமொன்று நம் அண்டையிலேயே உள்ளது. கேரளத்தின் கிழக்கெல்லையில் பாலக்காட்டில் தொடங்கி, இடுக்கி மாவட்டத்து மூணாறு, குமுளி வரை நீளும் நிலப்பகுதியே அது. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே கடைப்பலகையில் அருகருகே எழுதப்பட்டிருக்கும். ஒரே மேசையில் ஒருவர் 'சாயா' என்பார். மற்றவர் 'டீ' என்பார். கடைக்காரர் இருவருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றுவார். இப்பகுதியின் தெருக்களையும் உணவுச் சாலைகளையும் வரிசையாகக் கண்டு, அவை எதனால் அவ்வாறு அமைந்தன என்று விளக்க முயல்வோம்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். 'கறி' என்று கேட்டால் இவ்வெல்லையில் என்ன கிடைக்கும்? மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவருக்குக் கறி என்றால் இறைச்சி. பாலக்காட்டு அக்கிரகாரத்தவருக்குக் கறி என்றால் வாழைக்காயோ சேனையோ கொண்டு செய்த பொரியல். மலையாளிக்கோ சோற்றோடு பரிமாறும் எல்லாத் துணையுணவும் கறியே. மீனும் கறி, பருப்பும் கறி. சங்க இலக்கியத்தில் இச்சொல் மிளகைக் குறித்தது. மலைநாட்டு மிளகின் பெயர், மிளகிட்ட உணவின் பெயராகி, ஒவ்வொரு சமூகத்தின் இலையிலும் ஒவ்வொரு பொருளை ஏற்றது. ஆங்கிலேயர் இதனைத் தம் மொழிக்கு எடுத்துச் சென்றனர் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அவர்கள் வாயிலாக அது ஜப்பானையும் எட்டியது. இன்று அந்நாட்டில் 'கரே' என்ற பெயரால் வழங்கும் சோற்றுணவு வீடுதோறும் உண்ணப்படுகிறது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற விடுதலை இயக்கத்தவரான ஏ. எம். நாயர் 1949-இல் தோக்கியோ நகரின் கின்சா பகுதியில் தொடங்கிய உணவகம் அங்கே புகழ்பெற்றது. ஒரு சொல் இத்தனை தொலைவு நடந்ததென்றால், அது புறப்பட்ட மலையடிவாரத்தில் அதற்கு எத்தனை பொருள் இருப்பினும் வியப்பில்லை.

இனிப் பாலக்காட்டிற்குள் நுழைவோம். மேற்குத் தொடர்ச்சி மலை குசராத்து எல்லையிலிருந்து குமரி வரை ஒரு மதிலைப் போல நிற்கிறது. அம்மதிலில் உள்ள பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயிலின் வழியே கோயம்புத்தூர்ப் பக்கம் வீசுகிறது. கிழக்கின் வெம்மையும் இதே வழியாகக் கேரளத்திற்குள் புகுகிறது. ஆகவேதான் தென்னை நாட்டின் நடுவே பனைமரங்கள் வரிசையாக நிற்கும் காட்சியைப் பாலக்காட்டில் காண்கிறோம். கோடையில் சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் விற்கப்படுவதைப் பார்க்கும் தமிழ்ப் பயணிக்குத் தன் ஊரை விட்டு வந்த நினைவே வாராது.

காற்று நுழைந்த வழியாகவே வணிகரும் நெசவாளரும் படைகளும் நுழைந்தனர். 1766-இல் ஐதர் அலி இங்கே கோட்டை கட்டினார். சென்னையிலிருந்து அரபிக்கடற்கரை நோக்கி இட்ட இருப்புப்பாதை 1862-இல் இக்கணவாய் வழியாகவே முற்றுப்பெற்றது. நெல் விளையும் நிலமாதலால் பாலக்காட்டைக் கேரளத்தின் நெற்களஞ்சியம் என்பர். சிவந்த தவிடு ஒட்டிய பாலக்காடன் மட்டை அரிசிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றுள்ளது. எனவே பயணியர் விடுதிகளில் இலையில் இருவகைச் சோறு காத்திருக்கும். 'மட்டையா, பச்சரிசியா?' என்று பரிமாறுபவர் கேட்பார். அருகே வெதுவெதுப்பான செந்நிற நீரை வைத்து, 'வெள்ளம் வேணுமோ?' என்பார். புதிதாக வந்த தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. நமக்குப் பெருக்கெடுத்து ஓடுவது வெள்ளம். மலையாளிக்குக் குவளையில் உள்ள குடிநீரும் வெள்ளமே. அதன் செந்நிறம் பதிமுகம் என்னும் மரத்துண்டை இட்டுக் காய்ச்சுவதனால் வருவது.

நகரின் வடபால், ஆற்றங்கரையில் அமைந்தது கல்பாத்தி. இருபுறமும் ஓட்டு வீடுகள், ஒன்றின் சுவரை ஒன்று பகிர்ந்துகொண்டு நெடுக நிற்கும். வாசலில் கோலம், திண்ணையில் தூண், தெருக்கோடியில் கோவில். விசுவநாத சுவாமி கோவில் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பது மரபு. இலட்சுமி அம்மாள் என்னும் பெண்மணி காசியிலிருந்து இலிங்கம் கொணர்ந்து, நாட்டை ஆண்ட அச்சனிடம் பொன் அளித்து, கோவில் எழுப்பச் செய்தார் என்று சொல்லிவருகின்றனர். ஆற்றங்கரையில் படித்துறையோடு அமைந்த கோவிலாதலின் 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற வழக்கும் பிறந்தது. நூரணி, சாத்தபுரம், சேகரிபுரம், கோவிந்தராசபுரம் என இதுபோன்ற அக்கிரகாரங்கள் நகரைச் சுற்றிப் பல உள்ளன. இவற்றை 'கிராமம்' என்றே அழைப்பர். தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய குடும்பங்கள் இவை.

கல்பாத்தியின் சமையல் இரு நாடுகளின் உடன்படிக்கை போன்றது. சாம்பாரும் இரசமும் தமிழகத்திலிருந்து வந்தன. ஆனால் வறுத்தரைத்த தேங்காயும் தாளிக்கத் தேங்காயெண்ணெயும் மலையாள மண் தந்தவை. மிளகூட்டல், மோர்க்கூட்டான், ஓலன், காளன், எரிசேரி, புளியிஞ்சி ஆகியவை ஒரே இலையில் அமர்கின்றன. பலாக்காலத்தில் பிஞ்சு முதல் பழம் வரை ஒன்றும் வீணாவதில்லை. இடிச்சக்கை கறியாகும், சுளை வறுவலாகும், பழம் வெல்லத்தில் கிளறப்பட்டுச் சக்கவரட்டியாகி, பின்னர்ப் பிரதமனாகும். விருந்துச் சமையலில் தேர்ந்தோரைத் தேகண்ணக்காரர் என்பர். திருமண வீட்டில் பத்துப் பெயருக்கும் ஆயிரம் பெயருக்கும் ஒரே சுவை வரும்படி சமைக்க வல்லவர்கள் அவர்கள். இன்று இத்தெருவிலேயே அப்பளமும் வடாமும் ஊறுகாயும் விற்கும் கடைகள் பல. கார்த்திகைக்கு முன் நடைபெறும் தேர்த்திருவிழாவின்போது கேரளம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து இவற்றை வாங்கிச் செல்கின்றனர்.

ஆனால் இத்தெருவின் கதையைச் சுவையோடு மட்டும் முடித்துவிட நம் மனம் ஒப்பவில்லை. இன்று யாவரும் தடையின்றி நடக்கும் இத்தெருவில், நூறாண்டுகளுக்கு முன் யாவரும் நடக்க இயலவில்லை. 1924-ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத்துள் சென்ற ஈழவர் சிலர் தாக்கப்பட்டனர். அதன் பின் ஈழவர் சிலர் ஆரிய சமாசத்தில் சேர்ந்து, அவ்வாறேனும் தெருவில் நடக்கும் உரிமை கிட்டுமோ என்று முயன்றனர். அதே ஆண்டில்தான் வைக்கத்திலும் கோவில் வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. பொது வரிப்பணத்தில் இட்ட தெருவில் பொதுமக்கள் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது. தெருவே மூடியிருந்தபோது பந்தி எவ்வாறு திறந்திருக்கும்?

பந்தியைத் திறக்க முற்பட்டவரும் அதே சமூகத்திலிருந்தே தோன்றினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. தி. ரா. கிருட்டிணசுவாமி ஐயர் 1920-களில் பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் நிறுவினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் படித்து, ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். கலந்துண்ணலில் ஈடுபட்டமைக்காக அவர் தம் சாதியாரின் விலக்கிற்கு ஆளானார். காந்தியடிகள் அவ்வாசிரமத்திற்கு வருகை தந்தார். ஒரு பிடி சோற்றை யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்பது அந்நாளில் ஒருவரின் வாழ்வையே மாற்றிவிடும் செயலாக இருந்தது. ஆதலால் நகரத்து உணவுச் சாலைகளின் வரலாற்றை வெறும் சுவையின் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. யார் அருகே யார் அமர்ந்தனர் என்பதே அதன் உட்பொருள்.

இக்கண்ணோட்டத்தில் இந்தியா காப்பி ஹவுஸ் என்னும் உணவகங்களும் குறிப்பிடத் தக்கவை. காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடி ஊழியர்களை நீக்கியபோது, ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் அவ்வூழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். கேரளத்தில் அவர்களது முதற்கடை 1958-இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. பின்னர்ப் பிற நகரங்களுக்கும் பரவியது. விசிறித் தலைப்பாகை அணிந்து பரிமாறுகிறவரே அங்கே பங்குதாரர். பீட்ரூட் கலந்த மசாலாத் தோசை அவர்களது அடையாளம். ஒரு குவளை காப்பியின் விலைக்கு யாரும் அமரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

பாலக்காட்டின் இன்னொரு முகம் வலியங்காடியிலும் மஞ்சக்குளத்திலும் தெரிகிறது. வீட்டில் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்கள் இந்நகரில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்தம் பிரியாணி, மலபார்க் கடற்கரையின் பிரியாணியினின்றும் வேறுபட்டது. திண்டுக்கல் பக்கத்தின் மசாலா மணத்திற்கு நெருங்கியது. கடற்கரையிலிருந்து வரும் பயணி இதனைத் தமிழ்ச் சுவை என்பார். கொங்கு நாட்டிலிருந்து வருபவர் கேரளச் சுவை என்பார். எல்லையூர் உணவின் இலக்கணமே இதுதான். இருபுறத்தாரும் அதனை மறுபுறத்ததென்று கருதுவர்.

நகரிலிருந்து கிழக்கே சில கல் தொலைவில், எலப்புள்ளியை அடுத்து இராமசேரி என்னும் சிற்றூர் உள்ளது. இட்டலிக்கு ஊர்ப்பெயர் தந்த ஊர் இது. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் முதலியார் நெசவாளர் குடும்பங்கள் இங்கே குடியேறின. கைத்தறி வருவாய் குன்றிய நாளில் பெண்கள் இட்டலி செய்து வயலுக்குச் செல்வோருக்கு விற்கத் தொடங்கினர். அவ்வாறு வறுமைக்கு மாற்றாகத் தோன்றிய தொழில் நாளடைவில் புகழுக்குக் காரணமாயிற்று.

இராமசேரி இட்டலி நாம் அறிந்த குழித்தட்டு இட்டலி அன்று. தட்டையானது, சிறிய தோசை போன்ற வட்டமுள்ளது, கையிலெடுத்தால் துணிபோல் மடிவது. செய்முறையில்தான் அதன் சிறப்பு உள்ளது. மண்பானையில் நீர் கொதிக்கும். அதன் வாயில் நூல் வலை கட்டிய மண்வளையம் அமரும். வலைமேல் ஈரத்துணி விரித்து மாவை ஊற்றுவர். அதன்மேல் இன்னொரு வளையம், அதன்மேல் இன்னொன்று என அடுக்கி, மேலே ஒரு பானையைக் கவிழ்ப்பர். புளியவிறகின் நிதானமான தீயில் ஆவி துணியின் ஊடாக எழுந்து மாவை வேகவைக்கும். உலோகத் தட்டில் நீர்த்துளி படிவது போல் மண்ணில் படிவதில்லை. மிகுந்த ஈரத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் இட்டலி மென்மையாக இருந்தும் குழைவதில்லை. பொடியும் தேங்காயெண்ணெயுமே அதற்குத் தக்க துணை.

இவ்வளவு புகழ் இருந்தும் இன்று இத்தொழிலைச் செய்யும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. காரணம் விளங்காததன்று. விடியுமுன் எழ வேண்டும். விறகுப் புகையில் நாள்தோறும் நிற்க வேண்டும். வளையமும் பானையும் வனையும் குயவரும் குறைந்து வருகின்றனர். படித்த பிள்ளைகள் வேறு வேலை நாடுகின்றனர். பிள்ளைகள் புகையிலேயே நிற்க வேண்டும் என்று உண்பவராகிய நாம் விரும்புவது நேர்மையாகுமா? ஆகாது. மரபு காக்கப்பட வேண்டுமாயின் அதனைச் செய்கிறவரின் உழைப்புக்கு உரிய ஊதியமும் புகைபோக்கியுள்ள அடுப்பும் முதலில் அமைய வேண்டும். இட்டலியைப் புகழ்ந்துவிட்டுக் காசில் பேரம் பேசுகிறவர் அதன் நண்பர் ஆகார்.

இராமசேரியைக் கடந்து தெற்கே சென்றால் சித்தூர் வட்டம். இது முன்னாளில் கொச்சி அரசைச் சேர்ந்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் மலபார் மாவட்டம் இருந்தது. சித்தூர் பகவதி கோவிலில் ஆண்டுதோறும் கொங்கன்படை என்னும் விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டுப் படையை எதிர்த்து நின்ற பழைய போரின் நினைவாக அது கொண்டாடப்படுகிறது. இன்றோ வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய எல்லைச் சாவடிகளின் வழியே கொங்கு நாட்டிலிருந்து வருவன காய்கறி வண்டிகள். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் தமிழ் ஒலிக்காத கடை அரிது. முதலமடையின் மாம்பழம் கோடைதோறும் தொலைதூரச் சந்தைகளுக்குச் செல்கிறது. சாவடியருகே உள்ள தேநீர்க் கடைகளில் லாரி ஓட்டுநர் காலையில் இட்லியோ புட்டும் கடலையுமோ உண்பர். புட்டை மலையாளியும் இட்லியைத் தமிழரும்தான் கேட்பர் என்று எண்ணினால் தவறு. இருவரும் இரண்டையும் கேட்கின்றனர்.

இங்கும் ஒரு நிழல் உண்டு. 2017-ஆம் ஆண்டில் கோவிந்தாபுரத்தை அடுத்த குடியிருப்பொன்றில் வாழும் சக்கிலியர் மக்கள், தேநீர்க் கடையிலும் குடிநீர் எடுக்கும் இடத்திலும் தமக்கு வேற்றுமை காட்டப்படுவதாக முறையிட்டனர். 2020-ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டத்து வட்டவடையில், முடிதிருத்தும் கடைகளில் அதே சமூகத்தார் ஏற்கப்படவில்லை என்பதனால், ஊராட்சியே யாவருக்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றைத் திறக்க வேண்டியதாயிற்று. இவ்விரண்டும் பழங்கதை அல்ல. நம் காலத்து நிகழ்ச்சிகள். கல்பாத்தித் தெரு திறந்துவிட்டது. ஆனால் குவளை இன்னும் முழுதும் திறக்கவில்லை. எல்லைக் கோட்டை அரசுகள் வரைந்தன. இக்கோட்டை வரைந்தவர் நாமே. ஆகவே அழிக்க வேண்டியவரும் நாமே.

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு நேர்வழியில்லை. இடையே ஆனைமலை நிற்கிறது. ஆதலால் பயணி பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை எனத் தமிழகத்திற்குள் சென்று, சின்னாற்றுக் காட்டின் வழியாக மலையேறி, மறையூரில் மீண்டும் கேரளத்தை அடைகிறார். கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தமிழகமே பாலமாகிறது.

மறையூர் மழைமறைவுப் பள்ளத்தாக்கில் உள்ளது. அங்கே சந்தனக் காடுகளும், பெருங்கற்காலத்துக் கற்றிட்டைகளும் உண்டு. அவற்றை முனியறை என்பர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஊர்களை அஞ்சுநாடு என்பர். தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து போருக்கு அஞ்சி வந்தவர்கள் என்று அவ்வூரார் கூறுகின்றனர். பள்ளத்தாக்கில் கரும்பு விளைகிறது. கொட்டகையில் பெருங்கொப்பரை வைத்துச் சாற்றைக் காய்ச்சி, சூடு ஆறுமுன் கையால் உருட்டி வெல்லம் செய்வர். மறையூர் வெல்லத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டகைக்குச் சென்றால் சூடான பாகைச் சிறிது இலையில் வார்த்துத் தருவர். அதுவே மறையூரின் வரவேற்பு. கல்பாத்தியின் பிரதமனுக்கு வேண்டிய இனிப்பு இம்மலையில் பிறக்கிறது என்று எண்ணும்போது, இருவேறு ஊர்கள் ஓர் இலையில் சந்திப்பதை உணர்கிறோம்.

மேலும் ஏறினால் மூணாறு. முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுவதால் வந்த பெயர். 1877-இல் சான் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் உழைக்கத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கங்காணிகள் அழைத்து வந்தனர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறிய இருப்புப்பாதை ஒன்றும் ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துச் சென்றது. மலையாள ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையால் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் நினைவுகூர்கின்றனர்.

மூணாற்றுக் கடைவீதியில் விடிகாலை மூடுபனி விலகுமுன்பே தேநீர்க் கடைகள் விழித்துவிடும். அடுப்பருகே நின்று குடிக்கும் பாலில்லாத தேநீரைக் கட்டஞ்சாயா என்பர். இங்கொரு முரண்பாட்டைக் காணலாம். மலை முழுதும் தேயிலையாயினும், நல்ல இலை வெளியூருக்கும் வெளிநாட்டிற்கும் செல்கிறது. கொய்தவரின் குவளையில் பெரும்பாலும் விழுவது தூளே. கொய்யும் பெண்கள் விடியலில் கட்டஞ்சாயா குடித்து, சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு சரிவுகளில் ஏறுகின்றனர். பணியாளர் மிகுந்த தோட்டங்களில் உணவுச்சாலையும் குழந்தைக் காப்பகமும் குடியிருப்பும் அமைக்க வேண்டும் என்று 1951-இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் பணித்தது. எனினும் 'லயம்' என்னும் வரிசை வீடுகளின் சிற்றறைகளிலேயே பல தலைமுறைகள் பிறந்து வாழ்ந்தன. பணி ஓய்வு பெற்றால் அவ்வறையையும் விட்டு நீங்க வேண்டும்.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எந்த மாநிலத்தைச் சேர வேண்டும் என்று பெரும் பூசல் எழுந்தது. முடிவில் அவை கேரளத்திலேயே நின்றன. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் இடப்பட்ட கோடு கொய்யும் கைகளின் நிலையை மாற்றிவிடவில்லை. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், ஆண் தலைவர் எவரையும் எதிர்பாராமல் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். 20 சதவீத ஊக்கத்தொகை கோரிய அப்போராட்டம் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து வரிசை வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் உயிரிழந்தனர். சிலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மூணாற்றில் மலைக்காட்சியை எதிரே வைத்துத் தேநீர் அருந்துகிறவர் இவற்றை ஒருகணம் நினைத்தல் கடமை என்றே கருதுகிறோம்.

மூணாற்றிலிருந்து தெற்கே ஏலமலைகளைக் கடந்தால் குமுளி. ஒருபக்கம் 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர்த்தேக்கம். மறுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இறங்கும் மலைப்பாதை. சுங்கச் சாவடி அளவேயான எல்லையின் இப்புறம் கப்பையும் மீனும். அப்புறம் திராட்சைத் தோட்டமும் நெல்வயலும். காலைதோறும் கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றனர், மாலையில் இறங்குகின்றனர். ஏலக்காய் மலையின் இப்புறம் புற்றடியிலும் அப்புறம் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிறது. விளைவது ஒரு மாநிலம், கொய்வது மறு மாநிலத்துக் கை, விற்பது இரண்டும் சேர்ந்து.

குமுளிக் கடைகளில் இருவகை வரலாறுகள் அடுத்தடுத்து வேகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவிதாங்கூரின் சமவெளியிலிருந்து நிலம் தேடி மலையேறிய விவசாயிகள் காட்டைத் திருத்திக் கப்பை நட்டனர். நெல் எட்டாத நாளில் மரவள்ளியே அவர்களைக் காத்தது. எலும்போடு கூடிய மாட்டிறைச்சியும் மரவள்ளியும் சேர்த்து வேகவைத்த 'எல்லும் கப்பையும்' இன்று விருந்துணவு. அன்று உழைப்பாளியின் பசிக்கு ஈடுகொடுத்த உணவு. அடுத்த கடையில் தேனிப் பக்கத்துப் பரோட்டாவும் சால்னாவும். கப்பை உண்ணும் கடையில் தமிழ்க் கூலியாளும், பரோட்டாக் கடையில் மலையாள விவசாயியும் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். பசிக்கு மொழி வேண்டியதில்லை.

இத்துணை தொலைவு நடந்த பின் நாம் கண்டது என்ன? நெசவாளர் இட்டலியால் வாழ்ந்தனர்; குடியேறியவர் கப்பையால் வாழ்ந்தனர்; அக்கிரகாரம் இரு நாட்டுச் சுவையையும் ஒரே இலையில் இட்டது. எல்லையூரின் நல்லுணவு எல்லாம் இடம்பெயர்ந்தோரின் தேவையிலிருந்து பிறந்தவை. அவற்றின் சுவையைப் பாராட்டுவது எளிது. அதை ஆக்கியவரின் வீடு உறுதியாக இருக்கிறதா, அவர் குழந்தை படிக்கிறதா, அவர் அமரும் பலகையில் நாமும் அமர்கிறோமா என்று பார்ப்பதே அரிது. அடுத்த முறை அவ்வழியே செல்லும் நேயர்கள், கடையில் ஒரு குவளை தேநீர் கேட்டு வாங்கி, பக்கத்தில் இருப்பவருக்குச் சிறிது இடம் விட்டு அமருமாறு வேண்டுகிறோம். எல்லையைக் கடப்பதற்கு அதனினும் எளிய வழி வேறில்லை.